ஸ்ப்ளைஸ்: ஒரு மணி நேரம் பிரமாதம், அப்புறம்?

‘க்யூப்’ எடுத்த வின்சென்சோ நடாலியின் படம் என்பதால்தான் 2009-இல் வந்த ‘ஸ்ப்ளைஸ்’ பார்க்க உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசி இருபது நிமிடத்தில் நிஜமாகவே கோபம் வந்தது. (கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

கிளைவும் எல்சாவும் மரபணு விஞ்ஞானிகள், காதலர்களும்கூட. ஏட்ரியன் பிராடியும் சாரா பாலியும் நடித்திருக்கிறார்கள். பல விலங்குகளின் டிஎன்ஏவைக் கலந்து புது உயிரினம் ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து மருந்துக்கான புரதம் எடுப்பது இவர்கள் வேலை. கம்பெனி இதோடு போதும் என்கிறது. இவர்கள் யாருக்கும் தெரியாமல் மனித டிஎன்ஏவையும் சேர்த்துவிடுகிறார்கள். வருகிறதா என்று மட்டும் பார்ப்போம், பிறக்கும் முன்பே அழித்துவிடலாம் என்பதுதான் பேச்சு. படம் வருவதற்கு முந்தைய வருடம், 2008-இல்தான் பிரிட்டன் மனித, விலங்குக் கலப்புக் கருவை ஆராய்ச்சிக்காக அனுமதித்துச் சட்டம் போட்டது, 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்ற கண்டிப்போடு. அப்படி ஒரு கோடு ஏன் தேவைப்படுகிறது என்பதை இந்தப் படத்தின் முதல் அரை மணி நேரம் அவ்வளவு நன்றாகக் காட்டுகிறது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் அது பிறந்தேவிடுகிறது.

அந்தக் குழந்தைக்குப் பேச்சு வராது. ஒருநாள் எழுத்துக் கட்டைகளை எடுத்து, எல்சாவின் சட்டையில் இருக்கும் கம்பெனி பெயரான ‘நெர்ட்’ என்பதை அப்படியே அடுக்குகிறது. அதைத் திருப்பிப் போட்டு ‘ட்ரென்’ என்று எல்சா பெயர் வைக்கிறாள். பெயர் வைத்துவிட்டால் அப்புறம் எங்கே அழிப்பது? இன்னொரு காட்சியில் ட்ரெனுக்குக் கடும் காய்ச்சல். கிளைவ் அவளைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிக்கிறான், அவளோ தண்ணீருக்குள்ளும் மூச்சுவிடத் தெரிந்தவள், பிழைத்துக்கொள்கிறாள். காப்பாற்றத்தான் அழுத்தினானா, கொல்லவா? படம் சொல்லாமல் விட்டுவிடுகிறது, எனக்கு இன்னமும் அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது.

வளர்ந்த ட்ரெனாக வரும் டெல்பின் ஷனேயாக்கைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். மொட்டைத் தலை, கம்ப்யூட்டரில் மாற்றிய கால்கள், வசனமும் கிட்டத்தட்ட கிடையாது. ஆனாலும் தலையைச் சாய்த்துப் பார்க்கும் ஒரு பார்வையிலேயே பிடிவாதம், பயம், ஏக்கம் எல்லாம் தெரிகிறது. ட்ரெனிடம் இருப்பது எல்சாவின் சொந்த டிஎன்ஏ என்பதும், எல்சா தன் தாயிடம் கொடுமை அனுபவித்தவள் என்பதும் தெரிந்தபிறகு, அவள் ட்ரெனைக் கட்டிப்போட்டு, கொஞ்சிய அதே குரலை மாற்றிக்கொண்டு ஆய்வுக் குறிப்பு பதிவு செய்தபடியே வாலின் கொடுக்கை வெட்டுகிற இடம் வருகிறதே, படத்தின் உண்மையான திகில் அதுதான்.

இவ்வளவு சேர்த்துவைத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் இருட்டுக் காட்டில் துரத்தலாக முடித்துவிடுகிறார்கள். ட்ரென் ஆணாக மாறுவதைக் குறை சொல்லமாட்டேன். ட்ரெனுக்கு முன்னால் உருவாக்கிய ஜோடி உயிரினங்களில் பெண்ணாக இருந்தது ஆணாக மாறிவிட, இரண்டும் கம்பெனி மேடையில் கண்ணாடித் தொட்டியை உடைத்துக்கொண்டு முன்வரிசைமேல் ரத்தம் தெறிக்கச் சண்டையிடும்போதே அதற்கு விதை போட்டாயிற்று. ஆனால் மாறியபிறகு ட்ரெனுக்கு மனசு என்று ஒன்றே இல்லை, வெறும் மிருகம். அத்தனை நேரம் நாம் பரிதாபப்பட்ட அந்தக் குழந்தை எங்கே போனது? கிளைவ் ட்ரெனோடு உறவு கொள்வதும் அப்படித்தான், அவ்வளவு பெரிய விஷயத்தைப் போகிறபோக்கில் கடந்துவிடுகிறார்கள்.

ஐந்துக்கு இரண்டரை. ஷனேயாக்குக்காகவும் சாரா பாலிக்காகவும் ஒருமுறை பார்க்கலாம், 104 நிமிடம்தான். குழந்தைகளை வைத்துக்கொண்டு போடவேண்டாம், முடிவுக்குச் சற்று முன்னால் பாலியல் வன்முறைக் காட்சி இருக்கிறது, அதைப் பார்க்க முடியாதவர்கள் ஆட்கள் காட்டுக்குள் ஓடத் தொடங்கும்போதே நிறுத்திவிடுங்கள்.