வேர்ட்பிரஸ்ஸா, ஹியூகோவா? கடலூர் நீர்வழித் தளத்துக்காக நாங்கள் எடைபோட்டுப் பார்த்தவை

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு, சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியே வந்து கடலூரின் ஆற்றங்கரைப் பகுதிகளை மூழ்கடித்தது. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வாய்க்கால் எங்கே தூர்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் அந்தந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். அதை ஓரிடத்தில் எழுதிவைக்கத்தான் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு திறமூல இணையதளம், அதாவது எவரும் பார்த்து, எடுத்து, திருத்தக்கூடிய தளம், தொடங்கினோம்.

முதலில் வேர்ட்பிரஸ்ஸில் கட்டினோம். 2003 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற மென்பொருள் அது. தமிழ் இடைமுகமும் உண்டு. கடிதம் எழுதத் தெரிந்த எவரும் அரைமணி நேரத்தில் அதில் ஒரு பக்கம் போட்டுவிடலாம். இந்த எளிமையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் அதன் பின்னால் ஒரு சர்வரும் தரவுத்தளமும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மாதந்தோறும் வாடகை கட்ட வேண்டும். கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல்களை விடாமல் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வாடகை ஒரு நண்பரின் வங்கி அட்டையில் போய்க்கொண்டிருந்தது. அவர் வேலை மாறி வெளியூர் போனார், அட்டை காலாவதியானது, எங்களில் யாரும் கவனிக்கவில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில் தளம் இல்லாமல் போயிற்று. கையில் இருந்த நகல் நான்கு மாதம் பழையது.

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கருவி திறமூலமாக இருப்பதாலேயே அதில் கட்டிய தளமும் திறமூலமாகிவிடாது. எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தில் பிழை கண்ட வெளியாள், கருத்து எழுதிவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும். எந்த வரியை யார் மாற்றினார் என்பது நிர்வாகிகளுக்கு மட்டுமே தெரியும். தளத்தை முழுவதுமாக நகலெடுத்து வைத்துக்கொள்ள வெளியாள் எவருக்கும் வழியில்லை.

ஹியூகோ, ஜெக்கில் என்ற தளம் கட்டும் கருவிகள் வேறு வகை. பக்கங்கள் எளிய உரைக் கோப்புகளாக இருக்கும். கருவி அவற்றை ஒருமுறை உலாவி காட்டக்கூடிய எச்டிஎம்எல் பக்கங்களாக ஆக்கிக் கொடுத்துவிடும். தரவுத்தளம் இல்லை. புயல் நாளில் சிக்னல் ஒற்றைக் கோட்டில் நிற்கும்போதும் படமில்லாத பக்கம் திறந்துவிடுகிறது. இரண்டில் ஜெக்கிலை, நிரல்களையும் தளங்களையும் வைக்க இடம் தரும் கிட்ஹப் தானே கட்டித் தருகிறது, ஹியூகோவுக்கு அந்த வேலையைச் செய்யும் ஒரு கோப்பை நாம் எழுதிவைக்க வேண்டும். ஆனால் ஜெக்கிலைச் சொந்தக் கணினியில் ஓட்ட ரூபி மொழியை நிறுவியாக வேண்டும். ஹியூகோ ஒரே கோப்பு, இறக்கினால் ஓடும். எங்களோடு சேர வரும் கல்லூரி மாணவர்களின் பழைய மடிக்கணினிகளை மனத்தில் வைத்து ஹியூகோவைத் தேர்ந்தோம்.

இதைவிடப் பெரிய ஆதாயம், கோப்புகளில் யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்துவைக்கும் கிட் என்ற கருவி தருவது. கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தை நகலெடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் போய்ச் சேர்கிறது. நாளைக்கு நாங்கள் எல்லோரும் ஓய்ந்துவிட்டாலும் விழுப்புரத்திலோ காரைக்காலிலோ ஒருவர் அதை எடுத்து ஓட்டலாம்.

களஞ்சியத்தை எங்கே வைப்பது? மனம் கிட்ஹப்பைப் போலவே இடம் தரும் கோட்பெர்க் பக்கம் சாய்ந்தது. பெர்லினில் உள்ள லாப நோக்கற்ற சங்கம் நடத்துவது. அதை இயக்கும் ஃபோர்ஜெயோவும் கட்டற்ற மென்பொருள். கிட்ஹப்பை 2018இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அதன் சொந்த மென்பொருள் திறமூலம் அல்ல. அதே வகையைச் சேர்ந்த கிட்லாபைச் சொந்த சர்வரில் நிறுவலாம், ஆனால் வாடகைக் கதை மறுபடி தொடங்கிவிடும். கடைசியில் கிட்ஹப்பையே எடுத்தோம். வரும் மாணவர்களில் பலருக்கு அங்கே ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. எழுத்து உரிமை இல்லாதவர் திருத்துவதற்கான பென்சில் குறியைத் தொட்டாலும், அவர் கணக்கில் ஒரு நகல் (ஃபோர்க்) எடுக்க வைத்து, திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை (புல் ரிக்வெஸ்ட்) வரை அது கொண்டுபோய் விடுகிறது. பொதுக் களஞ்சியத்துக்கு 1 ஜிபி வரையிலான தளம் இலவசம். கோட்பெர்க்கில் ஒரு நகல் வைத்திருக்கிறோம். ஒரு குறை உண்டு: கிட் நகல் கோப்புகளைத்தான் கொண்டுபோகும், பிழைப் பதிவுகளும் விவாதங்களும் கிட்ஹப்பிலேயே தங்கிவிடும். அதனால் முக்கியமான முடிவுகளை ஒரு உரைக் கோப்பிலும் எழுதிவைக்கிறோம்.

தமிழுக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். ‘கொண்டங்கி’ என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், தேடலில் ஒன்று அகப்படாது. ஆகவே உரையைச் சேர்க்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு நிரலை எழுதினோம். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் கிட் அதை எண்களின் வரிசையாகக் காட்டும். அதன் குவோட்பாத் (core.quotepath) அமைப்பை நிறுத்தினால் எழுத்துகள் தெரியும். புதியவர்கள் குழம்பக் கூடாது என்று கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்தோம்.

உரிமத்தில் தயக்கமே வேண்டாம். உரிமக் கோப்பு இல்லாத களஞ்சியத்தை எவரும் பார்க்கலாம், ஆனால் சட்டப்படி எடுத்தாள முடியாது. நிரலுக்கு எம்ஐடி என்ற தாராளமான உரிமம், உரைக்கு விக்கிப்பீடியா பயன்படுத்தும் அதே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (CC BY-SA 4.0): பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர வேண்டும்.

வேர்ட்பிரஸ் இன்னும் ஓரிடத்தில் வெல்கிறது. மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் வாய்க்கால் விவரம் எழுதி வைத்திருக்கிறார். அவரைக் கிட் கற்கச் சொல்வது நியாயமில்லை. “நான் சொல்கிறேன், நீ எழுதிக்கொள் தம்பி” என்று குரல் பதிவாக அனுப்புகிறார். கிட்டில் எழுதியவர் பெயரையும் பதிவேற்றியவர் பெயரையும் தனித்தனியே குறிக்கலாம். எழுதியவர் என்ற இடத்தில் அந்த ஆசிரியையின் பெயரை, அவர் ஒப்புதலோடு, போடுகிறோம். எங்கள் பெயர் பதிவேற்றியவராக மட்டும் நிற்கிறது.