பறவைப் படத்துக்கு கேனான் ஆர்7: 30 ஃப்ரேம் வேண்டாம், 15 போதும்

கேனான் ஈஓஎஸ் ஆர்7 பற்றிப் பேச்சு எடுத்தாலே முதலில் வரும் எண், நொடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 படம். பறக்கும் பறவைகளை எடுக்க இதை வாங்குபவர்கள் முதலில் ஒதுக்கிவைக்க வேண்டியதும் அந்த எண்ணைத்தான். 2022-இல் வெளிவந்த இந்தக் கேமராவின் பலம் வேறு மூன்று விஷயங்களில் இருக்கிறது: 32.5 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல்ஃப்ரேம் எனும் 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரைவிடச் சிறியது), பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ், திரைகள் நகர்ந்து திறந்து மூடும் மெக்கானிக்கல் ஷட்டரிலேயே கிடைக்கும் 15 ஃப்ரேம் வேகம். இந்த மூன்றையும் பயன்படுத்தத் தெரிந்தவருக்கு, தோளில் மாட்டிக்கொண்டு அரை நாள் நடக்கக்கூடிய எடையில் இவ்வளவு தூரம் எட்டும் கருவி கிடைப்பது அரிது.

எடைக் கணக்கைப் பார்த்துவிடலாம். பேட்டரி, கார்டு சேர்த்து கேமரா 612 கிராம். ஆர்எஃப் 100-400 எஃப்/5.6-8 லென்ஸ் 635 கிராம். இரண்டும் சேர்ந்தால் சுமார் ஒன்றேகால் கிலோ. சென்சார் சிறியது என்பதால் வரும் 1.6 மடங்கு கிராப் காரணமாக இந்த லென்ஸின் நீள முனை, ஃபுல்ஃப்ரேமில் 640 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கே காட்சியைக் குறுக்கும். எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பறவைக்கு இதனால் என்ன லாபம் என்பதை இப்படிப் பாருங்கள்: 24 மெகாபிக்சல் ஃபுல்ஃப்ரேம் கேமராவில் அதே 400 மி.மீ. லென்ஸைப் போட்டு, அதே அளவுக்கு வெட்டி எடுத்தால் மிஞ்சுவது ஒன்பதரை மெகாபிக்சலுக்கும் சற்றுக் குறைவு. 45 மெகாபிக்சல் கேமராவிலும் 17 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இங்கே முழு 32.5-உம் பறவை இருக்கும் பகுதியில் விழுகிறது.

இனி அந்த 30 ஃப்ரேம். அந்த வேகம் எலக்ட்ரானிக் ஷட்டரில் மட்டும்தான் கிடைக்கும். எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கப்படுகிறது. ஆர்7-இல் முதல் வரியைப் படித்ததிலிருந்து கடைசி வரியைப் படித்து முடிக்க ஏறத்தாழ நொடியில் முப்பதில் ஒரு பங்கு ஆகிறது. ஷட்டர் வேகத்தை 1/16000 வரை ஏற்றினாலும் இந்த இடைவெளி குறையாது, ஏனென்றால் அந்த எண் ஒவ்வொரு வரியும் எவ்வளவு நேரம் ஒளி வாங்குகிறது என்பதைத்தான் சொல்கிறது. அதற்குள் சிறகு கீழே இறங்கிவிடும். விளைவு: ஃபோகஸ் கூர்மையாக, இறகு இறகாகத் தெரியும், ஆனால் சிறகு ரப்பரைப் போல வளைந்திருக்கும். பக்கவாட்டில் பறக்கும் பறவையோடு சேர்த்து கேமராவைத் திருப்பினால் பின்னால் இருக்கும் மரங்களும் கம்பங்களும் சாய்ந்து நிற்கும். எடிட்டிங்கில் இதைச் சரிசெய்ய வழியில்லை.

ஆகவே பறக்கும் பறவைக்கு மெனுவில் ஷட்டர் மோடை எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (படம் தொடங்குவது எலக்ட்ரானிக்காக, முடிவது நிஜத் திரையால்) என்று வையுங்கள். 15 ஃப்ரேம் வேகம் அப்படியே இருக்கும், சிறகு வளையாது, முழு மெக்கானிக்கல் ஷட்டரின் முதல் திரை தரும் அதிர்வும் இருக்காது. இந்த முறையில் மிக வேகமான ஷட்டரோடு எஃப்/1.8 போன்ற அகலத் திறப்பைச் சேர்த்தால் பின்னணி மங்கல் வெட்டுப்பட்டதுபோல் தெரியும். இந்த லென்ஸின் நீள முனையில் கிடைக்கும் எஃப்/8-இல் அந்தக் கவலை இல்லை. சத்தம் மட்டும் அதிகம். கூச்சமுள்ள பறவை பக்கத்துக் கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அப்போது எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறலாம். அசையாத உடலில் வளைவதற்கு ஒன்றுமில்லை. பறவைக்கும் சத்தம் கேட்காது.

பஃபர், அதாவது கார்டுக்குப் போகுமுன் படங்கள் தங்கும் தற்காலிக நினைவகம், அதன் கணக்கும் 15-க்கே சாதகம். வேகமான யூஎச்எஸ்-2 வகை மெமரி கார்டில், மெக்கானிக்கல் வேகத்தில் ரா கோப்புகள் (சென்சார் தந்த தரவை அப்படியே வைத்திருப்பவை) சுமார் 51 சேர்ந்ததும் கேமரா மூச்சு வாங்கும். அதாவது மூன்றரை விநாடிக்கும் குறைவு. எலக்ட்ரானிக் 30 ஃப்ரேமில் சுமார் 42, அதாவது ஒன்றரை விநாடிகூட இல்லை. சி-ரா என்ற சுருக்கிய ராவுக்கு மாறினால் 15 ஃப்ரேமில் 187 வரை போகும். பறவைப் படத்துக்கு சி-ராவின் தரம் தாராளமாகப் போதும். மிக இருண்ட நிழல்களைப் பல ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தூக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். எதுவானாலும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி இருக்காமல் ஐந்தாறு ஃப்ரேமாகத் தட்டித் தட்டி எடுங்கள். பறவை திரும்பும் அந்தக் கணத்தில் பஃபர் காலியாக இருக்க வேண்டும்.

ரா பர்ஸ்ட் (பர்ஸ்ட் என்றால் தொடர் படம்) என்று மெனுவில் தனியாக ஒரு வசதி உண்டு. அதில் ப்ரீ-ஷூட்டிங்கை இயக்கினால், பட்டனை முழுதாக அழுத்துவதற்கு அரை விநாடி முன்பு நடந்ததும் பதிவாகும். கிளையிலிருந்து மீன்கொத்தி கிளம்பும் கணத்துக்கு இது ஆசை காட்டும். இதுவும் எலக்ட்ரானிக் ஷட்டரில்தான் ஓடும்; வரிவரியாகப் படிக்கும் அதே சிக்கல் இங்கேயும் உண்டு என்பதால் உடலும் அலகும் நன்றாக வரும், சிறகு பல ஃப்ரேம்களில் வளைந்திருக்கும். எல்லா ஃப்ரேம்களும் ஒரே பெரிய கோப்பாகச் சேமிக்கப்படுவதால், கேமராவிலேயோ கேனானின் சொந்த மென்பொருளிலேயோ வேண்டிய ஃப்ரேமைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரியும் இறங்கிக்கொண்டே இருக்கும். தவளை தாவுவது, பூவிலிருந்து தேனீ எழும்புவது போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆட்டோஃபோகஸை அமைப்பதில் அரை மணி நேரம் செலவிட்டால் அது வீண்போகாது. ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) ஆபரேஷன் சர்வோ (நகரும் பொருளை விடாமல் பின்தொடரும் முறை), கண்டறிய வேண்டிய பொருள் விலங்குகள் (பறவையும் இதற்குள்தான்), கண் கண்டறிதல் ஆன். ஏஎஃப் ஏரியாவை ஒற்றைப் புள்ளி அல்லது அதைச் சுற்றிக் கொஞ்சம் விரியும் பகுதி என்று வைத்து, ஏஎஃப்-ஆன் பட்டனை அதற்கு விடுங்கள். பக்கத்திலுள்ள நட்சத்திரப் பட்டனுக்கு கண் ஏஎஃப்-ஐக் கொடுங்கள். இலைகளுக்கு நடுவே பறவை ஒளிந்திருந்தால் முதலில் ஒற்றைப் புள்ளியால் அதன் உடலில் ஃபோகஸை இறக்கி, பிறகு கட்டைவிரலை நட்சத்திரத்துக்கு நகர்த்துங்கள். கட்டம் கண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டு படி ஏன் தேவை என்றால், லென்ஸ் முழுக்க ஃபோகஸ் விலகியிருக்கும்போது கேமராவுக்கு முன்னால் இருப்பது வெறும் மங்கல். அதில் பறவை என்று அடையாளம் காண ஒன்றுமே இல்லாததால் பின்னணிப் புல்லைப் பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை பின்னணியில் ஒட்டிவிட்டால் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை. விரலை எடுத்து, பறவை இருக்கும் தூரத்தில் இருக்கும் தரை, கிளை எதிலாவது ஃபோகஸ் செய்து, மறுபடியும் பறவைக்கு வாருங்கள். கிளைகளுக்குப் பின்னால் புகுந்து புகுந்து பறப்பவற்றுக்கு சர்வோ கேஸ் 2 நல்லது. குறுக்கே வரும் தடையை அது பொருட்படுத்தாது.

எஃப்/8 என்பது வெளிச்சம் கேட்கும் திறப்பு. நல்ல வெயிலில் 1/1600 வைத்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400 போதும். மேகமூட்டத்தில் அதே வேகத்துக்கு 3200 ஆகிவிடும். சூரியன் வருவதற்கு முந்தைய வெளிச்சத்தில் 12800-ஐத் தொடும். இந்தச் சென்சாரில் அங்கே இறகின் நுண்கோடுகள் நாய்ஸ் எனும் புள்ளி இரைச்சலில் கரையத் தொடங்கியிருக்கும். எனவே அந்த நேரத்தில் பறக்கும் பறவைகளை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவற்றை எடுங்கள். கேமராவிலும் லென்ஸிலும் உள்ள ஸ்டெபிலைசர்கள் சேர்ந்து வேலை செய்வதால் கையில் பிடித்தபடியே 1/250 தாராளம், ஐஎஸ்ஓவும் கிட்டத்தட்ட மூன்று ஸ்டாப் இறங்கும். வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு மேனுவலில் வைத்து, சாதாரண அளவிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்துவிடுங்கள்: எஃப்/8, 1/1600, ஐஎஸ்ஓ 200. தானியங்கி அளவீட்டை நம்பினால் பின்னணி இருண்டிருக்கும் ஒவ்வொரு முறையும் கொக்கின் முதுகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். மோடு டயலில் சொந்த அமைப்புகளைப் பதிய உள்ள இடங்களில், உட்கார்ந்த பறவைக்கானதை சி1-இலும் பறக்கும் பறவைக்கானதை சி2-இலும் பதிந்துவையுங்கள். கூடவே ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவசரத்தில் மாற்றியவையும் அந்தப் பதிவிலேயே ஏறிவிடும்.

படம் 100 சதவீதத்தில் சற்று மழுங்கலாக இருக்கிறதே என்று புதிதாக வாங்கியவர்கள் பதறுவதுண்டு. இதற்குக் காரணம் இரண்டு. இந்தச் சென்சாரின் ஒரு பிக்சல் சுமார் 3.2 மைக்ரான்தான், எஃப்/5.6-ஐ நெருங்கும்போதே, சிறிய திறப்பில் ஒளி பரவி மங்கும் டிஃப்ராக்‌ஷன் அந்த அளவைத் தொட்டுவிடும், எஃப்/8-இல் நிச்சயம் தெரியும். இதை மென்பொருளில் அளவாக ஷார்ப்பன் செய்து, 50 சதவீதத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். எஃப்/11-க்கு மட்டும் போகாதீர்கள். இரண்டாவது காரணம் காற்று. வெயில் ஏறியபின் தண்ணீர், வயல், தார்ச்சாலை எதன் மேலும் கானல் அலையும். தூரத்துப் பறவை அதற்குள் நெளியும். கண்டுபிடிப்பது சுலபம்: அசையாத ஒன்றைப் பத்து ஃப்ரேம் எடுத்து வரிசையாகத் தட்டிப் பாருங்கள். விளிம்பு ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு மாதிரி கோணினால் அது காற்று. எந்த லென்ஸும் அதைத் தீர்க்காது. ஒன்று நெருங்கிப் போக வேண்டும், அல்லது விடியற்காலையில் வர வேண்டும்.

கையில் பிடிக்கும்போது பழக வேண்டியவை சில. பின்புற டயல் ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி அமைந்திருப்பதால் ஃபோகஸ் புள்ளியையும் ஐஎஸ்ஓவையும் கட்டைவிரலை நகர்த்தாமலே மாற்றலாம். பழைய கேனான்களில் பழகியவர்களுக்கு முதலில் தடுமாற்றம்தான், பிறகு இதுவே பிடித்துப்போகும். பவர் சுவிட்ச் ஆஃப், ஆன், வீடியோ என்று மூன்று நிலை; அவசரமாகத் தள்ளினால் வீடியோவில் போய் நிற்கும். 23.6 லட்சம் புள்ளி வியூஃபைண்டர் சுமார்தான். வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் பேட்டரிக்குக் கணக்கு 380 படம். பர்ஸ்டில் அதைவிடப் பல மடங்கு வரும். ஆனாலும் இதற்கு பேட்டரி கிரிப் கிடையாது, ஆகவே எல்பி-ஈ6என்எச் பேட்டரி ஒன்றாவது உபரியாக வேண்டும்.

பறவை கிடைக்காத நடுப்பகலிலும் இந்த ஜோடியை மூட்டை கட்ட வேண்டியதில்லை. 400 மி.மீ. முனையில் லென்ஸ் 0.41 மடங்கு வரை பெரிதாக்கும். அதாவது ஐந்தரை செ.மீ. அகலமுள்ள ஒன்று ஃப்ரேமின் முழு அகலத்தையும் நிரப்பும். ஒரு மீட்டர் தள்ளி நின்றே தட்டானைக் கண்ணிலிருந்து வால்நுனி வரை எடுக்கலாம். கேமராவின் பின்புறத்தைத் தட்டானின் உடலுக்கு இணையாகப் பிடியுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கச் சிறகு ஃபோகஸை விட்டுப் போய்விடும்.

மழையில் மட்டும் கவனம். கேமராவுக்கு ஈரப் பாதுகாப்பு உண்டு, ஆர்எஃப் 100-400-க்கு இல்லை. லென்ஸ் ஹுட்டும் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். தூறலிலும் காட்டுக்குள் நிழலிலும் அடிக்கடி எடுப்பவர் ஈரப் பாதுகாப்புள்ள ஆர்எஃப் 100-500 லென்ஸைப் பாருங்கள். லென்ஸ் மட்டுமே 1.3 கிலோவைத் தாண்டும், ஆனால் 400 மி.மீட்டரில் திறப்பு இன்னும் அகலம். சிறகடிப்பை 30 ஃப்ரேமில் வளையாமல் பிடித்தே ஆக வேண்டும் என்பவருக்கு வேண்டியது வரிகளை மிக வேகமாகப் படிக்கும் ஸ்டாக்டு சென்சார் உள்ள வேறு கேமரா.