கார் இருக்கைக் கறை: ஷம்பூக் கழுவலா, நீராவியா, ஈரத்தை உறிஞ்சும் வக்கியூமா?

வெளிர்நிறத் துணி இருக்கைகள் கொண்ட பழைய ரொயோட்டா அக்குவா ஒன்றை வாங்கியபோது, அதன் பின் இருக்கையில் தேநீர்க் கறையும் குழம்புக் கறையும் ஆழமாக ஊறியிருந்தன. 2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது என்பதால், இன்று யாழ்ப்பாணத்தில் கைமாறும் பல கார்களின் இருக்கைகள் இரண்டு மூன்று குடும்பங்களின் கறைகளைச் சுமந்தே வருகின்றன. அவற்றை எடுக்க நம்மிடம் மூன்று வழிகள் உண்டு: சேர்விஸ் நிலையத்தில் ஷம்பூ போட்டுக் கழுவுவிக்கலாம், நீராவி இயந்திரம் வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம், தண்ணீரையும் உறிஞ்சக்கூடிய வக்கியூம் ஒன்றைக் கொண்டு வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். நான் மூன்றாவதைத் தெரிவுசெய்தேன். பிறருக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்.

செலவைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் கொடுத்தால் காசு போகும், வீட்டில் செய்தால் ஒரு விடுமுறை நாள் போகும். அவரவர் வசதியைப் பார்த்துக்கொள்ளலாம். என் முடிவைத் தீர்மானித்தது தண்ணீர்தான். இருக்கைக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது, அதில் எவ்வளவு திரும்ப வெளியே வருகிறது, அது எந்தத் தண்ணீர் என்ற மூன்றையும் பார்த்தால் மற்ற வேறுபாடுகள் எல்லாம் சிறியவையாகிவிடுகின்றன.

இருக்கையின் மேலே இருப்பது மெல்லிய துணி. அதன் கீழே தடித்த ஸ்பொஞ்ச் இருக்கிறது. தாராளமாகத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது கரைந்த ஊத்தை வெளியே போவதைவிட ஸ்பொஞ்சுக்குள் இறங்குவதே அதிகம். பின்னர் காயும்போது ஈரம் துணியின் மேற்பரப்பில்தான் ஆவியாகிறது. ஆகவே உள்ளே இருக்கும் தண்ணீர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலே ஏறி, தான் சுமந்து வந்த அழுக்கையெல்லாம் துணியிலேயே விட்டுவிட்டுப் போகிறது. கழுவிய அன்று மறைந்த கறை மறுநாள் அதே இடத்தில், சில வேளைகளில் இன்னும் அகலமாக, திரும்பத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

இதனுடன் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கற் பாறையில் தேங்கி நிற்பது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையை இங்கே அறியாத வீடு இல்லை. அதே சுண்ணாம்பு இருக்கையில் காயும்போது, நனைந்த இடத்தின் ஓரம் நெடுக வெண்வளையமாகப் படிகிறது. கடினத் தண்ணீரில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது என்பதால் கூடுதலாகப் போடுகிறார்கள். கூடுதலாகப் போட்டது முழுவதும் கழுவுப்படாமல் துணியில் ஒட்டும் பசையாக மிஞ்சி, அடுத்து வரும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. “நுரை நல்லாப் பொங்கினால்தான் அண்ணை, ஊத்தை கழரும்” என்று சேர்விஸ் நிலையங்களில் சொல்வார்கள். நுரை ஊத்தையைக் கழற்றுவது உண்மைதான். கழன்றதை உறிஞ்சி எடுக்காவிட்டால் அது இருக்கையை விட்டுப் போவதில்லை.

இங்கே அதிகம் ஓடும் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் தலைமுறை அக்குவாவின் ஹைபிரிட் பற்றறி பின் இருக்கைக்குக் கீழேதான் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கைப் பக்கத்தில் உள்ள துவாரத்தின் வழியே போகிறது. சுசுக்கி வாகன்-ஆர் ஹைபிரிட்டில் லிதியம் பற்றறி முன்பக்கப் பயணி இருக்கைக்குக் கீழே இருக்கிறது. முன் இருக்கைகளின் கீழே எயார்பாக், இருக்கைப் பட்டி ஆகியவற்றின் வயர்களும் ஓடுகின்றன. இப்படிப்பட்ட இடத்தில் வாளித் தண்ணீர் விடுவதை நான் ஏற்கமாட்டேன். இருக்கையைக் கழற்றி வெளியில் வைத்துக் கழுவுவதாக இருந்தாலும், எயார்பாக் வயர்களின் மஞ்சள் நிற இணைப்பிகளைக் கழற்றத் தெரிந்தவரே செய்ய வேண்டும். சுவிச் போட்ட நிலையில் அவற்றைக் கழற்றினால் எயார்பாக் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

ஆயினும் ஷம்பூக் கழுவலை முற்றாகத் தள்ளிவிட முடியாது. வெள்ளத்தில் நின்ற கார், இருக்கை முழுவதும் சேறு பிடித்த கார் ஆகியவற்றுக்கு அதைத் தவிர வேறு வழியில்லை. அப்படியானால் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் வறண்ட மாதங்களில், இருக்கைகளைக் கழற்றிச் செய்விப்பதே பாதுகாப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்வித்தால் ஸ்பொஞ்ச் காயாமல் பூஞ்சண மணம் பிடித்துவிடும்.

நீராவியில் தண்ணீர்ச் செலவு குறைவு. எண்ணெய்ப் பிசுக்கையும் காய்ந்த சர்பத்துக் கறையையும் அது நன்றாக இளக்குகிறது. பிறருடைய கார்களில் செய்ததைப் பார்த்திருக்கிறேனே தவிர, சொந்தமாகக் கையாண்டதில்லை. ஆகவே தீர்ப்பை இறுக்கிச் சொல்லமாட்டேன். ஆனால் இரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகளில் சூடு பட்டால் அவை உறைந்து துணியோடு பிடித்துக்கொள்ளும் என்பது உறுதி. கூரைத் துணியில் நீராவி பிடிப்பதும் நல்லதல்ல. அதன் பசை இளகித் துணி தொங்கத் தொடங்கும்.

இனி என் வழிக்கு வருகிறேன். செம்மண் பட்டிருந்தால் முதலில் நன்றாகக் காயவிட்டு, தூரிகையால் தட்டி, உலர்ந்த நிலையிலேயே உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் அது துணியின் இழைக்குள் இறங்கிவிடும். அதன் சிவப்பு இரும்பின் ஒட்சைட்டு என்பதால் புளீச் எதுவும் செய்யாது. துணியின் சாயம்தான் போகும். மிஞ்சிய சாயலுக்கு, தண்ணீர் கலந்த தேசிக்காய்ச் சாற்றை ஒற்றிப் பார்க்கலாம்.

மற்றக் கறைகளுக்கு ஒரு கோப்பை மழைத்தண்ணீர் அல்லது வடிகட்டிய குடிதண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் விட்டுக்கொள்வேன். வெள்ளைப் பருத்தித் துணியை அதில் தோய்த்துப் பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு வெறும் தண்ணீரைச் சிறிதளவு தெளித்து, வக்கியூமின் வாயை இருக்கையில் அழுத்திப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். வாய்ப்பகுதி கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்திக்கில் இருந்தால் உள்ளே ஏறும் தண்ணீரைக் காணலாம். முதலில் கடும் பிளேன்ரீ நிறத்தில் வருவது, தெளித்து இழுக்க இழுக்க வெளிறி, கடைசியில் நிறமில்லாமல் வரும். அந்த இடத்தில் நிறுத்தலாம். ஸ்பொஞ்சுக்குள் என்ன கிடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வழி மற்ற இரண்டிலும் இல்லை.

குழம்பின் மஞ்சட் கறை தனி வகை. சவர்க்காரம் பட்டவுடன் அது சிவந்துவிடும். காரத்தன்மைக்கு மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும், பயப்படத் தேவையில்லை. தண்ணீர் கலந்த வினாகிரி சிறிது ஒற்றினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். முதலில் எண்ணெயை எடுத்துவிட்டு, எஞ்சிய மஞ்சளை வெயிலுக்கு விடுவதே சிறந்தது. வெயிலில் அந்த நிறம் தானாக மங்கும். தேநீர்க் கறைக்கும் அதே வினாகிரித் தண்ணீர் உதவும். இரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டுமே. எதையும் முதலில் இருக்கையின் அடிப்பக்க ஓரத்தில் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் துவாயால் அழுத்தி ஒற்றி, கதவுகளைத் திறந்துவைத்து மின்விசிறியைத் திருப்பிவிட்டால், வறண்ட காலத்தில் மாலைக்குள் காய்ந்துவிடும்.

கறையின் மேல் உறை போட்டு மறைத்துவிடலாம் என்போரும் உண்டு. பக்க எயார்பாக் உள்ள இருக்கைகளில் பொருத்தமற்ற உறை, அது விரிவதைத் தடுக்கக்கூடும். வாங்க வருபவரும் உறையைத் தூக்கித்தான் பார்ப்பார். செயற்கைத் தோல் இருக்கைகளுக்கோ இந்த ஒப்பீடு தேவையில்லை. அவற்றைப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்தாலே போதும். துளையிட்ட வகையானால் அந்தத் துணியை இன்னும் இறுக்கிப் பிழிய வேண்டும், ஏனெனில் துளைகளுக்குக் கீழே இருப்பது அதே ஸ்பொஞ்ச்.