தரம் 4 பிள்ளையளின்ர சந்தை: கீரைக்கு 5, பெற்றோருக்கு 2

கடை ரிவியூ எண்டுதான் எழுதுறன், ஆனா இது வருசத்தில ஒரு நாள், அதுவும் நாலு மணித்தியாலம் மட்டும் திறக்கிற கடை. அக்கான்ர மகன் தரம் 4. பரந்தனில இருந்து முல்லைத்தீவு போற ஏ35 ரோட்டால போய் உள்ளுக்க திரும்பினா வாற ஒரு சின்னப் பள்ளிக்கூடம், பேர் வேண்டாம். "மாமா நீங்கள் வந்து என்னட்ட வாங்கோணும், சும்மா பாத்திட்டுப் போகக்கூடாது" எண்டு மூண்டு நாளா போன் அடிச்சு அரியண்டம், அதால லீவு போட்டுட்டுப் போனன்.

தெரியாத ஆக்களுக்கு, சிறுவர் சந்தை எண்டு ஆரம்பப் பிரிவில வைக்கிறவை, பிள்ளையள் வீட்டு வளவில தோட்டத்தில இருக்கிறதைக் கொண்டு வந்து மேசை போட்டு விக்கிறது, பெற்றோரும் ஊராக்களும் காசு குடுத்து வாங்கிறது. காலபோக அறுவடை முடிஞ்ச நேரம் எண்டபடியால் சாமான் குறைவில்லை. பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கையிலை, வாழைப்பொத்தி, தேசிக்காய், ஊர்க்கோழி முட்டை, பனங்கிழங்கு, புழுக்கொடியல், கச்சான், ஒரு பிள்ளை மோர் கூட கரைச்சு வாளியில கொண்டு வந்தது. கீரை எல்லாம் விடியப் பிடுங்கினது, வேரில ஈர மண் அப்பிடியே இருந்தது, ரவுணில இந்த விலைக்கு இப்பிடிக் கிடைக்காது. சாமானுக்கு நான் ஒரு குறையும் சொல்ல மாட்டன்.

நான் பாக்கப் போனது வேற விசயம். கிளிநொச்சி ரவுணில ஒரு பலசரக்குக் கடையில எட்டு வருசமா காசு மேசையில இருக்கிறன், ஏ.எல் எழுதிப்போட்டு வேலைக்கு வாற பெடி பெட்டையளுக்கு முதல் கிழமை நான்தான் பழக்கிறது. கணக்கில ஏ எடுத்த பிள்ளையும் 830 ரூபா பில்லுக்கு ஒராள் 1030 நீட்டினா "ஏன் இந்த முப்பது" எண்டு முழிக்கும். கணக்குத் தெரியாம இல்லை, முன்னால ஒரு மனுசன் அவசரப்பட்டுக்கொண்டு நிக்கேக்க கணக்குச் செய்து பழகேல்ல. ஆரும் சத்தம் போட்டா ஸ்ரோர் ரூமுக்க போய் நிண்டு அழுங்கள், பாவம். பதின்மூண்டு வருசம் படிச்சிட்டு வந்ததுகள்.

அதால ஒவ்வொரு மேசையிலயும் வேணுமெண்டே 500, 1000 தாளா நீட்டினன்.

வல்லாரை வித்த பெட்டை, ஒம்பது வயசு இருக்கும், 170க்கு 500 குடுத்தன். கழிச்சுப் பாக்கேல்ல. 10 ரூபாக் குத்தியை என்ர கையில வைச்சு "180", 20 ரூபாத் தாளை வைச்சு "200", பிறகு மூண்டு நூறு ரூபாத் தாளை ஒண்டொண்டா வைச்சு "300, 400, 500, சரியோ மாமா" எண்டுது. இதைத்தான் நான் புது ஆக்களுக்கு ஒரு கிழமையா கத்திக் கத்திப் பழக்கிறனான். ஆர் சொல்லித் தந்தது எண்டு கேட்டன், அம்மம்மா எண்டுது.

அதே மேசைக்கு ஒரு ஐயா வந்து 60 ரூபாக் கட்டை 40க்குக் கேட்டு நிண்டார், விளையாட்டுக்கோ உண்மைக்கோ தெரியாது. பிள்ளைக்கு முகம் சிவந்திட்டுது, ஆனா குரல் மாறேல்ல. "அப்பு, அறுபதுக்குக் கீழ ஒரு கட்டு தரேலாது, ரெண்டா எடுத்தா நூற்றிப்பத்துக்குத் தாறன்." அவர் ரெண்டு கட்டோட போனார்.

மண்டபச் சுவரில ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருந்தவை. உலக சுகாதார நிறுவனம் 1990களில சொன்ன 10 வாழ்க்கைத் திறன், முடிவெடுக்கிறது, பிரச்சினையைத் தீர்க்கிறது, ஆக்களோட கதைச்சுப் பழகிறது, மற்றவையின்ர மனசை விளங்கிறது, உணர்ச்சியையும் மன அழுத்தத்தையும் சமாளிக்கிறது எண்டு போகும். வடிவான எழுத்து. ஒருத்தரும் அண்ணாந்து பாக்கேல்ல, அதுக்கு நேர கீழ அந்தப் பெட்டையின்ர மேசை.

கச்சான் வித்த பெடியனும் நல்ல பகிடி. பால்ப்பேணியால சுண்டுக் கணக்கு, சுண்டு 150. ஒரு ஆச்சி வந்து "ஒரு கொத்து போடு" எண்டா, அவனுக்குக் கொத்து எண்டா என்னெண்டே தெரியேல்ல. நாலு சுண்டு ஒரு கொத்தடா எண்டு ஆச்சியே படிப்பிச்சா. 600 எண்டு டக்கெண்டு சொன்னான். தட்டி அளக்காத, குவிச்சு அள எண்டா, "குவிச்சா காசும் குவியும் ஆச்சி" எண்டான், சுத்தி நிண்டதெல்லாம் சிரிப்பு. கடைசியில ஒரு பிடி கூடப் போட்டுத்தான் குடுத்தவன், நான் பாத்தனான்.

இனி குறை. பாதி மேசையில பிள்ளை விக்கேல்ல, அம்மா விக்கிறா. நல்ல சாறி கட்டி, பிள்ளைக்குப் பின்னால நிண்டு, காசையும் தானே வாங்கி, மிச்சமும் தானே குடுத்து, "தம்பி நீ போட்டோக்கு நில்லு" எண்டு. அந்தப் பெடியன் வயலில கட்டின வெருளி மாதிரி நிக்கிறான். நான் அவனைப் பாத்து "தேசிக்காய் என்ன விலை" எண்டு கேக்கிறன், பதில் அம்மாட்ட இருந்து வருது, இன்னொருக்கா அவனையே கேட்டன், பிறகும் அம்மாதான். பிழை விட்டிடுவான் எண்டு பயமாம். பத்து ரூபா பிழை விட இதைவிட மலிவான இடம் வேற எங்க இருக்கு? இன்னும் ரெண்டு மேசையில கடையில வாங்கின பிஸ்கட் பக்கற்றும் ரொபியும், அதுக்கு என்ர கடைக்கே வரலாமே.

எங்கட காலத்தில இப்பிடிப் பிழை விட்டுப் பழக ஒரு இடம் எனக்குக் கிடைக்கேல்ல. 2009ல மெனிக்பாம் அகதி முகாமில எனக்கு 13 வயசு, நிவாரணத்தில வந்த பருப்பைக் கொண்டு போய் மரக்கறிக்கு மாத்தினதுதான் நான் செய்த முதல் வியாபாரம், வடிவா ஏமாந்ததும் அங்கதான். இஞ்ச அழுதா பக்கத்தில ரீச்சர் நிக்கிறா.

அழுததும் நடந்தது, எங்கட மருமோன்தான். பனங்கிழங்கு கொண்டு வந்தவை ஆறேழு பேர், பதினொரு மணியாகியும் அவன்ர பாதி கிடக்கு, கண் கலங்கிட்டுது. நான் முழுக்க வாங்கிறன் எண்டு காச்சட்டைப் பையுக்க கையை விட, ரீச்சர் கண்ணால வேண்டாம் எண்டு காட்டினா. நல்ல மனுசி. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிண்டவன், பிறகு மோர்க்காரப் பெட்டையோட ஏதோ குசுகுசுத்து, மோர் வாங்கிற ஆக்களுக்கு ஒரு கிழங்கு 20 ரூபா எண்டு ரெண்டு பேரும் சேந்து கூவத் தொடங்கிச்சினம். முழுக்க முடியேல்ல, நாலு கிழங்கு மிஞ்சினது. அதை நான் காசு குடுத்துத்தான் வாங்கினனான், இனாமாத் தர மாட்டானாம்.

பின்னேரம் அக்கா வீட்டுத் திண்ணையில காசு எண்ணினவை, 1140 ரூபா. அக்கா "முழுக்க லாபம்தானே, கிழங்கு எங்கட வளவில கிண்டினது" எண்டா. அவன் விடேல்ல, சொப்பின் பைக்கு 80, அப்பா கிழங்கு கிண்டின கூலி 200 எண்டு கொப்பியில கழிச்சு எழுதி, கூலியைக் கொண்டு போய் அத்தானிட்ட நீட்டினான். அத்தான் வாங்கிட்டார், அதையும் நல்ல வேலை எண்டுதான் சொல்லுவன்.

அடுத்த வருசம் போற ஆக்கள் எட்டரைக்கு முதல் போங்கோ, ஊர் முட்டை ஒம்பது மணிக்கே முடிஞ்சிடும். வீட்டில இருந்து பை கொண்டு போங்கோ, சில்லறை கொண்டு போகாதேங்கோ, தாளாக் குடுங்கோ.