வட விளிம்பில் மூன்று வானொலிகள்: யாருடைய குரல், யாருடைய பணம்?

ஓர் உள்ளூர் வானொலியை எடைபோட நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். செய்தி வாசித்தவர் வேலை முடிந்து வெளியே வந்தால், அதைக் கேட்டவர்களை மளிகைக் கடையில் சந்திப்பாரா? அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. அடுத்த ஆண்டும் அந்த ஒலிபரப்பு இருக்குமா? இந்த இரண்டு கேள்விகளையும் வைத்து மூன்று வானொலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: அலாஸ்காவில் பெத்தேல் என்ற சிற்றூரின் கே.ஒய்.யு.கே., கனடாவின் வடபகுதி முழுவதற்குமான சிபிசி நார்த், நார்வேயின் காரஷோக்கில் தலைமையிடம் கொண்ட, அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே.யின் சாமி மொழிப் பிரிவு என்.ஆர்.கே. சாப்மி. முதல் கேள்விக்கு முதலிடம் பெறும் நிலையம் இரண்டாவது கேள்வியில் கடைசிக்குப் போய்விடுகிறது. என்னை உறுத்துவது இதுதான்.

உரிமை யாரிடம்

பெத்தேல் குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். வெளியுலகத்திலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. விமானம் உண்டு, கோடையில் படகு உண்டு. குளிர்காலத்தில் உறைந்த ஆறே அக்கம்பக்கக் கிராமங்களுக்குச் சாலையாகிறது. கே.ஒய்.யு.கே. 1971இல் இங்கே ஒலிபரப்பத் தொடங்கியது. அமெரிக்காவில் தொல்குடியினர் தாங்களே உரிமையேற்று நடத்திய முதல் பொது வானொலி அதுதான் என்பார்கள். மத்திய அலையில் 640 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோவாட். மரமில்லாத தட்டை நிலத்தில் மத்திய அலை தரையை ஒட்டிக்கொண்டே வெகுதூரம் போகும். அதனால் யூக்கான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில் சிதறிக் கிடக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு இந்த ஒரே நிலையம் போதுமானதாக இருக்கிறது. ஆற்றோரத்து மீன்பிடி முகாமில் பேட்டரி ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் அது கேட்கும்.

அங்கே செய்தி எது என்பதைப் பாருங்கள். சால்மன் பிடிக்க எந்த நாளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அனுமதி என்பது தலைப்புச் செய்தி. ஆற்றுப் பனி எங்கே மெலிந்திருக்கிறது, எந்த வளைவில் நீர் திறந்துவிட்டது என்று தேடி மீட்கும் தன்னார்வலர்கள் சொல்வது உயிர்காக்கும் செய்தி. அது அப்பகுதித் தொல்குடியினரின் மொழியான யூப்பிக்கிலும் வரும், ஆங்கிலத்திலும் வரும். ஜனவரியில் நடக்கும் குஸ்கோக்விம் 300 நாய்வண்டிப் பந்தயம், வசந்தத்தில் கமாயி நடன விழா, பள்ளிப் பிள்ளைகளின் கூடைப்பந்து ஆட்டம் எல்லாம் நேரலையில் போகின்றன. பறையடித்துப் பாடும் நடனக் குழுக்கள் ஊர் ஊராக மேடையேறும்போது, பயணச் செலவுக்கு வழியில்லாத பாட்டி தன் கிராமத்தில் இருந்தபடியே பேத்தியின் குழுவைக் கேட்கலாம். பண்பாட்டு நிகழ்ச்சி என்று தனியாக ஒரு பலகை மாட்டத் தேவையில்லாத வானொலி அது.

சிபிசி நார்த்தின் அளவு வேறு. 1958இல் கனடாவின் தேசிய ஒலிபரப்பு நிறுவனம் வடபகுதிச் சேவையாக அதைத் தொடங்கியது. யூக்கான், வடமேற்குப் பிரதேசங்கள், நூனவுட் என்ற மூன்று ஆட்சிப்பகுதிகளின் பரப்பு 39 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவைவிடப் பெரிய நிலம். 2021 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 1,18,000 பேர்தான். நூனவுட்டில் மட்டும் 25 ஊர்கள். ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் இணைக்கும் சாலை ஒன்றுகூட இல்லை. வைட்ஹார்ஸ், எல்லோநைஃப், இனுவிக், இக்காலுயிட் ஆகிய ஊர்களில் இருக்கும் செய்தி அறைகளிலிருந்து ஆங்கிலம், பிரெஞ்சு போக இனுக்டிடுட், க்விச்சின், ட்லிச்சோ, ஸ்லேவி என்று பல தொல்குடி மொழிகளில் ஒலிபரப்பு நடக்கிறது.

இந்த அமைப்பால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெக்கென்சி பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் பதிக்கும் திட்டத்தைப் பற்றி 1974 முதல் 1977 வரை நீதிபதி தாமஸ் பெர்கர் விசாரணை நடத்தினார். நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் பேசும் நகரத்து மண்டபத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 35 ஊர்களுக்குப் போய், பள்ளிக்கூடத்திலும் சமூகக் கூடத்திலும் உட்கார்ந்து, வேட்டைக்காரர்களும் தாய்மார்களும் சொன்னதைக் கேட்டார். அவர் போன இடமெல்லாம் சிபிசியின் வடபகுதிக் குழுவும் போனது. விட் ஃப்ரேசர் ஆங்கிலத்தில் சொல்ல, ஏப் ஓக்பிக், லூயி பிளான்டின், ஜோ டோபி, ஜிம் சிட்டிசின்லி ஆகியோர் தங்கள் தங்கள் மொழிகளில் அன்றைய சாட்சியங்களை மக்களிடம் கொண்டுபோனார்கள். ஓர் ஊர் மூதாட்டி என்ன சொன்னாள் என்பது அடுத்த ஊருக்கு வானொலியில் தெரிந்தது. பெர்கர் அங்கே வந்து சேரும்போது அந்த ஊர் ஏற்கெனவே யோசித்து, பேசி, தயாராக இருந்தது. 1977 அறிக்கை, பள்ளத்தாக்கில் குழாய் வேலையைப் பத்தாண்டுகள் தள்ளிப்போடச் சொன்னது. யூக்கானின் வடகரையில் குழாயே கூடாது என்றது.

ஒற்றை ஊர் நிலையம் இதைச் செய்திருக்க முடியாது. ஒரே செய்தியை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் பல மொழிகளில் ஒரே நாளில் கொண்டுபோக ஒரு பெரிய நிறுவனத்தின் கைநீளம் வேண்டும். இதைச் சொல்லாமல் சிபிசி நார்த்தைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல.

ஆனால் முடிவெடுப்பவர்கள் தெற்கே இருக்கிறார்கள். பட்ஜெட் வெட்டு வந்த 2012இல் நியூ பிரன்ஸ்விக்கின் சாக்வில் சிற்றலை நிலையம் மூடப்பட்டது. கியூபெக் மாநிலத்தின் வடகோடியில் வேட்டைக்குப் போனவர்கள் கூடாரத்தில் கேட்டுவந்த ஒலிபரப்பு அதோடு நின்றது. ஊருக்குள் பண்பலை வைத்துக் கொடுத்தார்கள். ஊரைவிட்டு வெகுதூரம் போனவர்களுக்கு அது எட்டாது. அவர்களுக்குத்தான் வானிலைச் செய்தி அதிகம் தேவை. பிறகு மூன்று ஆட்சிப்பகுதிகளின் காலைச் செய்திகளையும் ஒன்றாக்கி ஒரே இடத்திலிருந்து வாசிக்க ஒரு திட்டம் வந்தது. வைட்ஹார்ஸ்காரருக்கும் இக்காலுயிட்காரருக்கும் ஒரே காலைச் செய்தி! மக்கள் கொதித்தெழுந்தார்கள், 2020 தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். எதிர்ப்புக்குச் செவிசாய்த்தது நல்லதுதான். பெத்தேலில் அப்படி ஒரு திட்டம் மனத்தில்கூட உருவாகியிருக்காது.

மொழி

மொழி என்று வந்துவிட்டால் சாப்மிக்குத்தான் என் வாக்கு. சாமி என்ற தொல்குடி மக்களின் நிலம் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என்று நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் சாமிப் பிள்ளைகளின் மொழியைத் தலைமுறை தலைமுறையாக அடக்கிவைத்த நாடு நார்வே. அதற்காக நார்வே நாடாளுமன்றம் 2024 நவம்பரில்தான் மன்னிப்புக் கேட்டது. அதே நாட்டின் வானொலி 1946லேயே சாமி மொழியில் செய்தி சொல்லத் தொடங்கிவிட்டது. இன்று காரஷோக்கில் என்.ஆர்.கே., பின்லாந்தின் இனாரியில் யூலே, ஸ்வீடனின் கீருனாவில் அந்நாட்டு வானொலி என்று மூன்று பொது ஒலிபரப்பு நிறுவனங்களுக்கும் சாமிப் பிரிவுகள் உள்ளன. ‘ஓட்டசத்’ என்ற சாமி மொழித் தொலைக்காட்சிச் செய்தி 2001இல் நாடு கடந்த கூட்டு முயற்சியாகத் தொடங்கியது. வட சாமி மட்டுமல்ல, சில நூறு பேர் மட்டுமே பேசும் இனாரி சாமியிலும் ஸ்கோல்ட் சாமியிலும்கூட யூலே செய்தி தருகிறது. ஆள் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டால் இது கட்டுப்படியாகாது. கணக்குப் போடாமல் தருகிறார்கள் என்பதால்தான் அதைப் பொது ஒலிபரப்பு என்று மதிக்கிறேன்.

செய்தியின் கோணமே இங்கே மாறுகிறது. ஃபோசன் தீபகற்பத்துக் காற்றாலைகள் கலைமான் மேய்ப்பவர்களின் உரிமையை மீறுகின்றன என்று நார்வே உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆலைகள் சுழன்றுகொண்டே இருந்தன. 2023 பிப்ரவரியில் சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சக வாசலை மறித்தார்கள். தலைநகரத்துச் செய்தி மேசையில் இது மின்சாரக் கொள்கை. காரஷோக்கிலிருந்து பார்த்தால் குளிர்கால மேய்ச்சல் நிலம் போனால் ஒரு குடும்பம் மந்தையை எங்கே ஓட்டிப்போகும் என்ற கேள்வி. இரண்டாவது கோணம் நாட்டின் காதில் விழ ஒரு செய்தி அறை தேவைப்படுகிறது.

நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் கடற்கரையின் மீன் பதனிடும் ஆலைகளுக்கு 1980களின் பிற்பகுதியிலிருந்து ஈழத்தமிழர் பலர் வேலைக்குப் போனார்கள். காரஷோக் இருப்பதும் அதே ஃபின்மார்க்கில்தான். சொந்த மொழியில் செய்தி கேட்பதன் அருமையை அந்தத் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சாப்மியிடம் எனக்குள்ள குறை தொழில்நுட்பம் சார்ந்தது. உலகில் முதல் நாடாக நார்வே 2017இல் தேசிய நிலையங்களைப் பண்பலையிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றியது. நகரத்தில் தெளிவான ஒலி, நிறைய அலைவரிசைகள். ஆனால் பகுதி பகுதியாக மாற்றம் நடந்தபோது, பழைய ரேடியோப் பெட்டிகளில் தேசிய நிலையங்கள் கேட்காமல் போயின. மலை மடிப்புகளில் மந்தையோடு திரிபவருக்கு மத்திய அலையைப் போன்ற எளிய துணை இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம்.

ஆபத்து வரும்போது

2023 ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கியதால் எல்லோநைஃப் நகரத்தின் ஏறத்தாழ 20,000 பேரையும் வெளியேறச் சொன்னார்கள். தெற்கே போக ஒரே நெடுஞ்சாலை. அந்த மாதத் தொடக்கத்திலிருந்துதான் மெட்டா நிறுவனம் கனடாவில் ஃபேஸ்புக்கில் செய்திகளைப் பகிர முடியாமல் தடுத்திருந்தது. வழக்கமாக அதில் செய்தி பார்த்துவந்தவர்களுக்கு வானொலியும் செய்தித் தளங்களும் அந்த நாள்களில் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2025 ஜூலை 16 அன்று அலாஸ்காவின் சாண்ட் பாயின்ட் ஊருக்குத் தெற்கே 7.3 அளவில் நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை. அந்த ஊரின் சிறிய பொது வானொலி மக்களை மேட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாஷிங்டனில் அதே வானொலிகளின் பணத்தை ரத்து செய்யும் மசோதா செனட்டில் இருந்தது. அலாஸ்கா செனட்டர் லிசா மர்கோவ்ஸ்கி அதைச் சுட்டிக்காட்டி எதிர்த்தார். மசோதா நிறைவேறிவிட்டது. அக்டோபரில் ஹாலோங் சூறாவளியின் எச்சம் கழிமுகக் கரையைத் தாக்கியது. கிப்னுக், க்விகில்லிங்கோக் கிராமங்களில் வீடுகள் மிதந்து போயின. 1,500க்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தார்கள். அந்தக் கரை கே.ஒய்.யு.கே. ஒலிக்கும் பகுதி.

பணம்

கே.ஒய்.யு.கே. நிலையத்தின் வருமானத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு அமெரிக்க மத்திய அரசின் பணத்தைப் பகிர்ந்தளித்த பொது ஒலிபரப்புக் கழகத்திலிருந்து வந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ரத்து செய்த தொகை 110 கோடி டாலர்; அந்தக் கழகமே மூடப்பட்டுவிட்டது. மாநில அரசின் உதவி அதற்கு முன்பே, 2019இல் ஆளுநரின் வீட்டோவால் போயிருந்தது. பெரிய நகரத்து நிலையத்துக்கு நன்கொடையாளர்களும் நிறுவனங்களும் உண்டு. மீனும் வேட்டையும் உணவாக, சாலையே இல்லாத ஊரில் யாரிடம் நன்கொடை கேட்பது? கேட்பவருக்கு மிக நெருக்கமாக இருக்கும் நிலையமே பணத்தில் மிகவும் அநாதரவாக இருப்பது அதனால்தான்.

சிபிசிக்கு நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்குகிறது; கூடும், குறையும், ஆனால் ஒரே வாக்கெடுப்பில் இல்லாமல் போனதில்லை. நார்வே, வீடுகள் கட்டிவந்த ஒலிபரப்பு உரிமக் கட்டணத்தை 2020இல் எடுத்துவிட்டு வரிப்பணத்தில் நடத்துகிறது. மூன்றில் அதுவே உறுதியான தரை.

எனக்கு விருப்பமான அமைப்பு இன்று எங்கும் இல்லை: பெத்தேலின் உரிமை, நார்வேயின் பணம். அதாவது நிர்வாகக் குழுவில் ஊர்க்காரர்கள், ஊதியத்துக்குச் சட்டப்படி உறுதியான பொதுப்பணம். இருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நேயராக நான் பெத்தேலோடு நிற்பேன். வேலைக்குச் சேரும் இளம் செய்தியாளருக்குக் காரஷோக்கைச் சொல்வேன்.

மூன்றையும் இணையத்தில் கேட்கலாம். பெத்தேலின் காலை 8 மணி நமக்கு இரவு 10.30, அங்கே கோடை நேரம் வந்துவிட்டால் 9.30. யூப்பிக் புரியாவிட்டாலும் சில நிமிடங்கள் கேளுங்கள்; ஆங்கிலச் செய்தியும் வரும். இக்காலுயிட்டின் காலை 6 மணி, குளிர்காலத்தில் இங்கே மாலை 4.30. காரஷோக்கின் காலை 7 மணிக்குக் குளிர்காலத்தில் இங்கே முற்பகல் 11.30. சாப்மியில் பாட்டு கேட்க ஈஸ்டர் வாரம் நல்ல சமயம்: நார்வேயின் கௌடோகெய்னோ ஊர் விழாவில், யோய்க் என்ற சாமி மரபுப் பாட்டைப் பாடுபவர்களுக்கு அப்போதுதான் போட்டி நடக்கும்.