பாதிக் காடியில் நின்றுபோகும் ரவுட்டர்: ஆறு வருட அனுபவம்

அலமாரிக் கதவு ஒன்றுக்குக் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறடி தேக்குச் சட்டத்தில் பாதி தூரம் வந்திருப்பேன், கையிலிருந்த ரவுட்டர் (மரத்தில் காடி வெட்டும் மிஷின்) பொசுக்கென்று அடங்கிப்போனது. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது, டியூப்லைட் எரிகிறது, சுவிட்சும் போட்டபடிதான் இருக்கிறது. மிஷினைத் தூக்கி, ஆஃப் செய்து மறுபடி போட்டேன். ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. அன்றைக்கு நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது 2021-இல்.

(இணையத்தில் "ரவுட்டர் அடிக்கடி கட் ஆகிறது" என்று தேடிப் பாருங்கள். வருவதெல்லாம் வைஃபை பெட்டிக்கான பதில்தான், ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். நம் மரவேலை ரவுட்டருக்கும் பாதி நேரம் அந்த வைத்தியம் கேட்கிறது என்பதுதான் வேடிக்கை.)

மிஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2018 கடைசியில் வாங்கிய அரை இஞ்ச் பிளஞ்ச் ரவுட்டர், அதாவது வெட்டும் பிட்டை மேலிருந்து மரத்துக்குள் அழுத்தி இறக்கும் வகை. 1,850 வாட். வேகத்தை நிமிடத்துக்கு 9,000 சுற்றிலிருந்து 22,000 வரை டயலில் மாற்றலாம். சாஃப்ட் ஸ்டார்ட் உண்டு, சுவிட்ச் போட்டதும் மெதுவாகக் கிளம்பி வேகமெடுக்கும். கம்பெனி பெயர் வேண்டாம், இங்கே சொல்லப்போகிற கோளாறுகள் எந்த கம்பெனி மிஷினுக்கும் வரக்கூடியவை. மரவேலை எனக்கு முழுநேரத் தொழில் இல்லை. கோவையில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, சனி ஞாயிறு முழுக்க அங்கேதான். சொந்தக்காரர்கள் வீட்டு அலமாரி, பூஜையறைக் கதவு என்று வேலைக்குப் பஞ்சமில்லை. தேக்கும் எம்.டி.எஃப்.பும் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) பாதிக்குப் பாதி.

முதலில் நான் பழி போட்டது வோல்டேஜ் மேல். கொட்டகைக்கு வீட்டிலிருந்து 30 மீட்டர் ஒயர் இழுத்திருந்தேன், அதுவும் 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர். மீட்டர் வைத்துப் பார்த்தால் சாயங்காலம் வீட்டிலேயே 205 வோல்ட்தான். மிஷின் லோடு எடுக்கும்போது கொட்டகையில் 192, 193. கிட்டத்தட்ட எட்டு ஆம்பியர் இழுக்கிற மிஷினுக்கு இந்த ஒயரில் பன்னிரண்டு வோல்ட் போவது கணக்குக்குச் சரிதான். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் மாற்றினேன், இழப்பு நாலு வோல்ட்டுக்கு இறங்கியது. இரண்டு பின் பிளக்கை அடாப்டரில் சொருகி ஓட்டிக்கொண்டிருந்தேன், கழற்றிப் பார்த்தால் ஒரு பின் பழுப்பேறிக் கிடந்தது. அதையும் வெட்டிப் போட்டுவிட்டு 16 ஆம்பியர் பிளக் மாட்டினேன். இதெல்லாம் எப்படியும் செய்திருக்க வேண்டிய வேலைதான். ஆனால் ரவுட்டர் நிற்பது நிற்கவில்லை.

யோசித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ரவுட்டரில் இருப்பது யுனிவர்சல் மோட்டார், நம் மிக்ஸியில் இருப்பதன் அண்ணன். வோல்டேஜ் இறங்கினால் மிக்ஸி என்ன செய்யும்? சுருதி இறங்கி முனகும், அரைத்துக்கொண்டேதான் இருக்கும். திடீரென்று செத்துப்போகாது. ஓவர்லோடு ஆனால் மிக்ஸிக்கு அடியில் சிவப்புப் பொத்தான் தட்டும், என் ரவுட்டரில் அப்படி எதுவும் இல்லை. ஆக, டப்பென்று நிற்கிற மிஷினுக்கு வோல்டேஜ் வைத்தியம் பார்த்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டியிருக்கிறேன்.

அந்த மாதத்தில் நடந்த ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மறுபடியும் பாதிக் காடியில் நின்றது. சுவிட்சை ஆஃப் செய்யாமல், பிட் எங்காவது சிக்கியிருக்கிறதா என்று மிஷினை ஒருபக்கமாகச் சாய்த்துக் குனிந்து பார்த்தேன். சாய்த்த அசைவில் மறுபடி உயிர் வந்துவிட்டது. சாஃப்ட் ஸ்டார்ட் இருந்ததால் முதல் நொடியில் மெதுவாகத்தான் சுற்ற ஆரம்பித்தது, கையை இழுத்துக்கொண்டேன். சட்டைக் கையில் ஒரு கிழிசலோடு போனது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: மிஷின் தானாக நின்றால் முதலில் சுவிட்ச் ஆஃப், அப்புறம் பிளக்கைப் பிடுங்கி என் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பேன். அதன் பிறகுதான் குனிவது, பார்ப்பது எல்லாம்.

சர்வீஸ் சென்டர் ஒன்றில் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும், செம்புக்கம்பி சுற்றிய பாகம்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புது ட்ரிம்மர் (சின்ன ரவுட்டர்) ஒன்று வாங்கலாம். மனசு வராமல், கணபதி பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துப்போனேன். பம்ப்செட் மோட்டார் கட்டிக் கட்டிக் கை காய்த்தவர். மிஷினைத் தொடவே இல்லை, முதலில் கேள்விதான் கேட்டார்.

"தம்பி, நின்னு போகுதுன்னா எப்படிங்க நின்னு போகுது? பொறி பறக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா, இல்ல டப்புனு நிக்குதா?"

"டப்புனுதானுங்க."

"கருகுன வாசம்?"

"இல்லீங்க."

"அப்புறம் ஆர்மேச்சர் ஏனுங்க போகுது?"

இருந்தாலும் கழற்றிப் பார்த்தார். ஆர்மேச்சரை க்ரோலர் என்கிற சோதனைக் கருவி மேல் படுக்கவைத்து, ஒரு ஆக்ஸா பிளேடை அதன் மேல் லேசாகப் பிடித்தபடி மெதுவாக உருட்டினார். உள்ளே சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் அந்தக் காடிக்கு நேரே பிளேடு கரகரவென்று அதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு முழுச் சுற்று வந்தார், பிளேடு சும்மா இருந்தது. அடுத்துக் கார்பனை, அதாவது சுற்றும் ஆர்மேச்சருக்கு உரசிக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கட்டியை, உருவி என் உள்ளங்கையில் வைத்தார். ஆறு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. அதன் முகத்தில், நட்ட நடுவில், கடுகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி எட்டிப்பார்த்தது.

அந்தப் புள்ளிதான் விஷயம். சில கார்பன்களுக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் ஊசி புதைத்திருப்பார்கள். கார்பன் தேய்ந்து முடிகிற கட்டத்தில் ஊசி வெளியே வந்து காமுடேட்டரை (ஆர்மேச்சரில் கார்பன் உரசுகிற செம்பு வளையம்) தொடும், கார்பனைத் தூக்கிவிடும், மோட்டார் நின்றுவிடும். காமுடேட்டர் கீறலாகிப் பாழாகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. என் மிஷினில் ஊசி பாதி வந்தும் வராததுமாக இருந்ததால் அதிர்வுக்குத் தகுந்தாற்போல் விட்டுவிட்டுத் தொட்டிருக்கிறது. கெட்டுப்போய் நின்றது என்று நான் ஊரெல்லாம் புலம்பியது, அது தன் வேலையைச் சரியாகச் செய்ததைத்தான்.

புதுக் கார்பன் ஜோடி இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னார். ஹோல்டரில் கார்பன் தானாக வழுக்கி இறங்க வேண்டும், தூசு அடைத்து இறுகினால் ஸ்பிரிங் தள்ளினாலும் போகாது. அளவு ஒத்துப்போகிறது என்று ஊசியில்லாத வேறு கார்பனை உரசிப் போடுகிறவர்கள் உண்டு. ஓடும்தான், ஆனால் தேய்ந்தது தெரியாமல் காமுடேட்டர் வரைக்கும் போய் நிற்கும். புதுசு போட்டதும் லோடு இல்லாமல் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டேன். கார்பனின் முகம் காமுடேட்டரின் வளைவுக்குப் படிகிறவரை நீலப் பொறி கொஞ்சம் தெரியும், போகப்போக அடங்கிவிடும்.

அடுத்த ஒரு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

2022-இல் ரவுட்டரைத் தலைகீழாக டேபிளுக்கு அடியில் மாட்டினேன். எம்.டி.எஃப். கதவுகள் ஏழெட்டு வந்தன, கையில் பிடித்து ஓட்டுவதைவிட டேபிளில் வேலை ஓடியது. நாலு மாதத்தில் பழைய கதை. ஆனால் இந்த முறை பெரியவரின் கேள்வி காதில் இருந்தது, நிற்கிற விதத்தைக் கவனித்தேன். ஓடும்போது நிற்பது குறைவு. நின்ற பிறகு சுவிட்சை இரண்டு மூன்று தடவை போட்டு எடுத்தால்தான் கிளம்பும், சில நேரம் சுவிட்சைச் சற்று அழுத்திப் பிடிக்க வேண்டும். இதற்கு மேல் ஜோசியம் எதற்கு? சுவிட்சைக் கழற்றினேன். உள்ளே எம்.டி.எஃப். தூள் மாவு மாதிரி அப்பி, கான்டாக்ட் இரண்டும் கறுத்துப் போயிருந்தன.

இதில் பாதி என் தப்பு. ரவுட்டரின் விசிறி கார்பன் இருக்கும் தலைப் பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, பிட் பக்கமாக வெளியே ஊதும். கையில் பிடித்து ஓட்டும்போது தலை மேலே சுத்தமான காற்றில் இருக்கும். டேபிளில் தலைகீழாகத் தொங்கவிட்டால், தூள் கொட்டுகிற இடத்திலிருந்தே மூச்சிழுக்கும். போதாததற்கு, தூள் வெளியே போகக் கூடாது என்று டேபிளின் அடிப்பகுதியை நான் பெட்டி போலப் பலகையடித்து மூடியிருந்தேன். சூடும் தூளும் உள்ளேயே சுற்றியிருக்கின்றன. பெட்டியைப் பிரித்துப் போட்டேன். தூள் உறிஞ்சும் குழாயை பிட்டுக்குப் பின்னால், பலகையை அணைத்து நகர்த்தும் தடுப்புச் சட்டமான வேலியிலேயே பொருத்தினேன். மாதம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ப்ளோயரால் தலைப் பக்கம் ஊதுகிறேன்.

சுவிட்சுக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்த்தேன், இரண்டு வாரம் தாங்கியது. அப்புறம் புது சுவிட்சே போட்டேன். கழற்றுவதற்கு முன்னால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் ஒரு மதியம் போனது.

மூன்றாவது தடவைதான் என்னை அழவைத்தது. 2023, டேபிளிலிருந்து இறக்கி மறுபடி கையில் பிடித்து ஓட்டத் தொடங்கிய சமயம். கார்பன் பாதிதான் தேய்ந்திருக்கிறது, சுவிட்ச் புதிது. ஆனாலும் நிற்கிறது. இந்த முறை எப்படி என்றால், பலகையின் இடது மூலையில் திரும்பும்போது மட்டும். நேர் ஓட்டத்தில் ஒரு மணி நேரம்கூட ஓடும், மூலையில் திருப்பினால் விக்கல் எடுத்த மாதிரி ஒரு வெட்டு, உடனே சாஃப்ட் ஸ்டார்ட்டில் முதலிலிருந்து வேகமெடுக்கும். பிட்டா, லோடா என்று குழம்பி இரண்டு பிட் மாற்றினேன். ஒருநாள் திருப்பாமல் நின்ற இடத்திலேயே ஒயரை மட்டும் கையால் இடதுபக்கம் வளைத்தேன். விக்கல்.

மீட்டரைப் பிளக்கின் இரண்டு பின்களில் வைத்துப் பார்ப்பது இந்த மாதிரி மிஷினில் உதவாது. நடுவில் வேகக் கட்டுப்பாட்டு போர்டு இருக்கிறது, அதைத் தாண்டி மீட்டர் ஒன்றும் காட்டாது. மூடியைத் திறந்து, பிளக்கின் ஒரு பின்னிலிருந்து உள்ளே அந்த ஒயர் வந்து முடிகிற முனை வரை, ஒவ்வொரு ஒயராக பீப் சத்தம் வைத்துப் பார்த்தேன். பழுப்பு ஒயர் சுத்தம். நீல ஒயரில், மிஷினுக்குள் நுழைகிற ரப்பர் குழல் முடிந்து நாலு விரல்கடை தள்ளி ஒயரை வளைத்தால் பீப் அறுந்தது, நிமிர்த்தினால் வந்தது. வெட்டிப் பிரித்துப் பார்த்தேன். வெளியே கறுப்பு ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு இழைகள் கரியாகி, முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தவை மூன்றே மூன்று. எட்டு ஆம்பியரும் அந்த மூன்று இழையில்தான் போயிருக்கிறது.

காரணம், ஐந்து வருடமாக வேலை முடிந்ததும் ஒயரை மிஷின் உடம்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி அலமாரியில் வைத்ததுதான். ஒரே இடம், ஒரே மடிப்பு. அந்தத் துண்டை வெட்டிவிட்டு, மிச்ச ஒயரை உள்ளே இழுத்து, இழுவை தாங்கும் கிளாம்பை இறுக்கி மாட்டினேன். செலவு பைசா இல்லை. இப்போது ஒயர் தளர்ந்த வளையமாக ஆணியில் தொங்குகிறது. வேலை செய்யும்போது உத்தரத்திலிருக்கும் கொக்கி வழியாக மேலிருந்து வருகிறது.

டேபிளுக்கு நோ-வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் ஒன்றும் வைத்தேன். கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கரண்ட் போய் வந்தால் பச்சைப் பொத்தானை அழுத்தும் வரை மோட்டார் கிளம்பாது. (அதையும் ஏமாற்ற ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டுவது நம் தோட்டத்துப் பழக்கம், ரவுட்டரில் அந்த வேலையெல்லாம் வேண்டாம்.) ஆனால் இது லைன் கரண்ட் போய் வருவதற்கு மட்டும்தான் காவல். கோளாறு மிஷினின் சொந்த ஒயரிலோ சுவிட்சிலோ இருந்தால் ஸ்டார்ட்டருக்குத் தெரியவே தெரியாது, தானாகக் கிளம்பத்தான் செய்யும். பிளக்கைப் பிடுங்குகிற பழக்கத்தை அதனால்தான் விடவில்லை.

ஆறு வருடத்தில் இது போகக் கீழ் பேரிங் ஒரு முறை, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட் ஒரு முறை மாற்றியிருக்கிறேன். ஆழம் பூட்டும் நெம்புகோல் ஆரம்பத்திலிருந்தே மொக்கை, இன்றுவரை மொக்கை. மறுபடி வாங்குவாயா என்றால் வாங்குவேன். இழுவை நன்றாக இருக்கிறது. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்ட படம் இருக்கிறது, அந்த எண்ணைச் சொன்னால் டவுன்ஹால் பக்கம் உதிரிபாகம் கிடைக்கிறது. மேலே சொன்ன எதையும் அது இல்லாமல் செய்திருக்க முடியாது.

போன வாரம் சுவிட்ச் போட்டதும் மணிக்கட்டைத் திருகுகிற மாதிரி ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பியது. சாஃப்ட் ஸ்டார்ட்டைக் காணோம். டயலை இரண்டில் வைத்தால் வேகம் ஏறி இறங்கிப் பாடுகிறது. நிற்கவில்லை, அதனால் கார்பனையும் ஒயரையும் தொடாமல் நேராகப் புது வேகக் கட்டுப்பாட்டு போர்டுக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை காலிஞ்ச் ட்ரிம்மரை வைத்து, காடியை மூன்று தடவையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.