படகு பேட்டரி சார்ஜர்: ஐந்து வருடம் பயன்படுத்திய பிறகு

என் படகில் மூன்று பேட்டரிகள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஒன்று. அது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் சாதாரண வகை. முன்பக்கத்து 24 வோல்ட் ட்ரோலிங் மோட்டாருக்கு (படகை மெதுவாக நகர்த்தும் மின்மோட்டார்) 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) டீப் சைக்கிள் ஏஜிஎம் இரண்டு. டீப் சைக்கிள் என்றால் ஆழமாகத் தீர்த்துத் தீர்த்து நிரப்பத் தகுந்தது; ஏஜிஎம் என்றால் தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை. இரண்டும் சீரிஸில், அதாவது 12 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சேர்ந்து 24 ஆகும்படி ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தவை. படகிலேயே பொருத்திய ஒரே சார்ஜர்தான் ஐந்து வருடமாக மூன்றையும் பார்த்துக்கொள்கிறது. மூன்று தனி அவுட்புட், ஒவ்வொன்றும் 10 ஆம்பியர்.

இதற்கு முன் இருந்தது கிளிப் மாட்டும் பழைய சார்ஜர். ஊசி மீட்டர் ஒன்று உண்டு, அவ்வளவுதான். பேட்டரி நிறைந்தால் தானாகக் குறைத்துக்கொள்ளத் தெரியாது. ஒருமுறை மாட்டிவிட்டு இரண்டு இரவு மறந்தே போனேன். பெட்டியின் மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். பேட்டரியின் பக்கவாட்டில் கை வைக்க முடியாத சூடு. நல்லவேளை, பதற்றத்தில் கிளிப்பைப் பிடுங்காமல் முதலில் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். மூடிக் கிடந்த இடத்தில் கிளிப்பில் ஒரு பொறி பறந்திருந்தால் வெடித்திருக்கும். ஆறியபின் பார்த்தால் தண்ணீர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தன. அந்த பேட்டரி பிறகு தேறவே இல்லை.

அதனால் அடுத்த சார்ஜரைத் தேடும்போது முதல் நிபந்தனை, மூன்று நிலைகளில் சார்ஜ் செய்ய வேண்டும் என்பது. முதலில் முழு ஆம்பியரும் போகும். வோல்டேஜ் உச்சத்தைத் தொட்டதும் அதை அப்படியே பிடித்துவைக்கும், ஆம்பியர் தானாக இறங்கும். கடைசியில் சுமார் 13.5 வோல்ட்டில் ஃப்ளோட், அதாவது நிறைந்த பேட்டரியை நிறைந்தபடியே வைத்திருக்கும் மெல்லிய சார்ஜ். பெரும்பகுதி முதல் நிலையிலேயே ஏறிவிடும். மிச்சம் கொஞ்சம்தான் மணிக்கணக்கில் இழுக்கும். அந்த மிச்சத்தை ஏற்றாமல் விட்டுக்கொண்டே இருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, பேட்டரியின் கொள்ளளவு சுருங்கிக்கொண்டே வரும்.

ஆம்பியர் எவ்வளவு வேண்டும்? பேட்டரி ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை என்று வைத்துக்கொண்டேன். 100 ஏ.எச்.சுக்கு 10 என்பது கீழ் எல்லை. பாதி தீர்ந்த பேட்டரி முழுதாக நிறைய ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. இரவில் மாட்டிக் காலையில் கிளம்பும் எனக்கு அது போதும். மதியம் கரைக்கு வந்து மாலையே மறுபடி இறங்குபவர்களுக்குப் போதாது, 15 அல்லது 20 பார்க்கவும்.

அவுட்புட்கள் ஒன்றோடொன்று மின்தொடர்பு இல்லாமல் தனித்தனியாக இருப்பது அவசியம். அப்போதுதான் சீரிஸில் உள்ள இரண்டு பேட்டரிகளையும் கழற்றாமல், ஒவ்வொன்றையும் அதனதன் தேவைக்கு நிரப்ப முடியும்.

இந்தச் சார்ஜரோடு பட்ட முதல் அடி என் தவறுதான். ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டன் உண்டு. ஏஜிஎம் இரண்டில் ஒன்றுக்கு ஜெல் (உள்ளே திரவம் கூழாக இருக்கும் வேறொரு பேட்டரி வகை) என்று வைத்துவிட்டேன், கவனிக்கவே இல்லை. சில மாதம் கழித்து மோட்டார் சீக்கிரமே தளர ஆரம்பித்தது. மல்டிமீட்டரை எடுத்துச் சார்ஜ் ஏறும்போதே அளந்தேன்: ஒன்றில் 14.6, மற்றதில் 14.1. என் ஏஜிஎம் மேல் ஒட்டியிருந்த தாளில் 14.4 முதல் 14.7 வரை என்று தெளிவாகப் போட்டிருந்தது. இத்தனை மாதமும் அந்த ஒன்று மட்டும் அரைகுறையாகவே நிறைந்திருக்கிறது. பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் அந்தத் தாளைத் தயவுசெய்து படியுங்கள். சார்ஜரின் கையேட்டைவிட அதுதான் முக்கியம்.

மூன்றாம் வருடம் வேறொன்று. சார்ஜரில் பச்சை விளக்கு வழக்கத்தைவிட மிகச் சீக்கிரம் எரிந்தது. முதலில் சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை, பிளக்கைக் கழற்றிப் பல மணி நேரம் ஆன பிறகு அளந்தால் அதே ஏஜிஎம்மில் 12.3 வோல்ட். நிறைந்த ஏஜிஎம் 12.8-ஐ ஒட்டி நிற்க வேண்டும். சல்பேட் படிந்த பேட்டரியால் மின்சாரத்தை அதிகம் வாங்க முடியாது, வோல்டேஜ் மட்டும் சட்டென்று எகிறும். அதைப் பார்த்துச் சார்ஜர் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டு பேட்டரிகளையும் சேர்த்தே மாற்றினேன். சீரிஸில் பழையதும் புதியதும் கலந்தால் பழையது சீக்கிரம் தீர்ந்துபோகும், மோட்டார் ஓட ஓட அதன் மேலேயே அடி விழும். அன்றிலிருந்து பச்சை விளக்கை நம்பி நான் தண்ணீரில் இறங்குவதில்லை.

இந்தச் சார்ஜரில் எனக்குள்ள ஒரே மனக்குறையும் இதுதான். விளக்குகள் மட்டும் இருக்கின்றன, வோல்ட் எண் காட்டும் திரை இல்லை. அடுத்து வாங்கினால் எண் காட்டுவதைத்தான் வாங்குவேன்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒருமுறை ஒரு டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அங்கே விரல் வைத்தால் சுட்டது. சோடா உப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, கிரீஸ் தடவியதும் சரியானது. ஸ்டார்ட் பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகே ஊற்றுகிறேன். முன்பே விளிம்புவரை ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது திரவம் விரிந்து வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே விட வேண்டும். பெட்டியின் மூடியைச் சார்ஜ் முடியும்வரை திறந்தே வைக்கிறேன். சார்ஜரின் உடம்பும் சூடாகும் என்பதால் நாலு பக்கமும் காற்றுப்போக இடம் விட்டுப் பொருத்தியிருக்கிறேன்.

லித்தியத்துக்கு மாறலாமா என்று யோசித்தபோது இதே சார்ஜர் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது. அதற்கென்று தனி செட்டிங் வேண்டும். சல்பேட்டை உடைக்க வோல்டேஜை ஏற்றும் வேலையை லித்தியத்தில் செய்யவே கூடாது. உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது லித்தியத்தைச் சார்ஜ் செய்யவும் கூடாது. எனவே இப்போதைக்கு ஏஜிஎம்தான்.

நேற்றுக் காலை அளந்தேன். ஏஜிஎம் இரண்டும் 12.8, ஸ்டார்ட் பேட்டரி 12.7. பிளக்கைச் சுருட்டி வைத்துவிட்டுப் படகை இறக்கினேன்.